பாலத்து இரைச்சலைக் கணக்கிடும்போது எங்கே பிழைக்கிறோம்?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தின் அடியில், வாவிக்கரையோரம் ஒருநாள் நின்று பாருங்கள். மேலே பஸ் போகும், என்ஜின் சத்தம் அமுங்கித்தான் கேட்கும். கொஞ்சத் தூரம் விலகி நடந்தால் இரைச்சல் குறையாமல் கூடுவதும் உண்டு. பாலத்தின் தளமும் ஓரச்சுவரும் ஒலியை மறைப்பதால், கிட்ட நிற்பவர் அதன் நிழலில் நிற்கிறார். விலகியதும் அந்த நிழலை விட்டு வெளியே வந்துவிடுகிறார். "பாலத்துக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்குத்தான் இரைச்சல் அதிகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதே முதல் பிழை. கீழ்வீட்டில் மட்டும் அளந்துவிட்டு மாடியை விடுவதும் இதே பிழைதான். மாடி ஜன்னலிலிருந்து வாகனம் நேரே தெரிந்தால், அங்கே மறைப்பே இல்லை.

அடுத்தது தூரக் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறையும் என்பது ஒற்றை ஒலிபெருக்கிக்குப் பொருந்தும். வாகனங்கள் வரிசையாக ஓடும் வீதி ஒரு நீண்ட கோடு மாதிரி, அதற்கு 3 டெசிபல்தான் குறையும். வாகன எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். 60உம் 60உம் சேர்ந்தால் 63, 120 அல்ல.

எங்கள் ஊரில் அதிகம் கோட்டைவிடுவது தண்ணீரில்தான். புல்தரையும் வயலும் ஒலியை ஓரளவு உறிஞ்சும். வாவி உறிஞ்சாது, கொங்கிறீட் தரையைப் போலத் திருப்பி அனுப்பும். வயல்வெளிக்கான உறிஞ்சல் எண்ணை அப்படியே வாவிக்குப் போட்டால் எதிர்க்கரை வீடுகளின் இரைச்சல் அளவு உண்மையைவிடக் குறைவாகவே வரும். காற்றில்லாத இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே சூடாக இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து இன்னும் தூரம் போகும். பகல் பன்னிரண்டு மணிக்கு அளந்த எண்ணை வைத்துக்கொண்டு இரவுத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. காற்றும் அப்படித்தான். வாடைக்காற்றில் ஒருநாள், கச்சான் காற்றில் ஒருநாள் என்று இரண்டு காலத்திலும் அளக்க வேண்டும். மாரி மழையில் நனைந்த வீதியில் சில்லுச் சத்தமே கூடிவிடும், அந்த நாள் அளவைத் தனியாக வையுங்கள்.

மரம் நட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு வரிசை வேம்பு வீதியைக் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது.

அப்புறம், பாலத்தின் தளத்துண்டுகள் சேரும் இணைப்பு. லொறியின் சில்லு அதில் ஏறி இறங்கும் "தடக்" சத்தம் மணிக்கணக்கான சராசரியில் கரைந்துபோகும். ஆனால் நள்ளிரவில் தொட்டில் பிள்ளை திடுக்கிட்டு எழும்புவது அந்தச் சத்தத்துக்குத்தான். சராசரியோடு உச்ச அளவையும் குறித்து வையுங்கள்.