கம்பத்தைத் தொட மனம் வராத நாட்களுக்கு: வீட்டில் தனியாகப் போல் டான்ஸ் பழகுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

போன ஆவணி மாதம் மூன்று வாரம் நான் கம்பத்தைத் தொடவே இல்லை. உள்ளறையில் தரைக்கும் கூரைக்கும் நடுவே, நான் ஏறியும் சுற்றியும் ஆடும் அந்த உலோகக் கம்பம் நின்றுகொண்டுதான் இருந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய் அலமாரியில் துணி எடுப்பேன், வந்துவிடுவேன். ஆர்வம் போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று நினைத்து ஒரு நாள் அழுதும் இருக்கிறேன். அப்புறம்தான் காரணம் தெரிந்தது. தெரிந்த மறுநாளே மறுபடி ஏறிவிட்டேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒன்றரை வருடம் வகுப்புக்குப் போனேன். ஊருக்குத் திரும்பியபின் ஆசிரியர் இல்லை, கூட ஆட ஆள் இல்லை, நானும் கம்பமும்தான். உங்களுக்கு ஃபயர்மேன் ஸ்பின், சேர் ஸ்பின் என்ற இரண்டு சுழற்சிகளும், தொடையால் கம்பத்தை இறுக்கி உட்காரும் போல் சிட்டும் ஓரளவு வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதுகூடத் தெரியாது என்றால், முதலில் ஒரு நல்ல ஆசிரியரிடம் சில மாதமாவது நேரில் பழகுங்கள்.

படி 1: கம்பத்தைக் கழற்றி வைக்காதீர்கள்

ஆரம்பத்தில் விருந்தாளி வரும்போதெல்லாம் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். திரும்ப நிறுத்த இருபது நிமிடம் ஆகும். ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், முறுக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். வேலை முடித்து வந்த சாயங்காலத்தில் அந்த இருபது நிமிடத்துக்கே தெம்பு இருக்காது. இப்போது யார் வந்தாலும் அது அங்கேயேதான் நிற்கிறது. பெரியப்பா ஒருமுறை "என்ன கண்ணு இது?" என்றார். "உடற்பயிற்சிக் கம்பம்ங்க பெரியப்பா, மல்லர் கம்பம் மாதிரி" என்றேன். விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பம் ஏறுவதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். அதோடு பேச்சு முடிந்தது.

நிறுத்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை. இறுக்கி நிறுத்தும் கம்பத்துக்கு மேலே கான்கிரீட் கூரை வேண்டும். ஓட்டுக் கூரையின் கீழும் பால்ஸ் சீலிங்கின் கீழும் கூடவே கூடாது. விட்டம் 45 மி.மீ. வாங்குங்கள், போட்டிகளிலும் அதுதான் வழக்கம். முதல் கம்பத்துக்கு நான் குரோமைத்தான் சொல்வேன். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் எவர்சில்வர். உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்களுக்குப் பித்தளை நன்றாகப் பிடி கொடுக்கும், ஆனால் கறுத்துப்போகும், தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேத் பட்டறையில் படிக்கட்டுக் கைப்பிடிக் குழாயை வெட்டி வாங்கி நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். அது கையை ஊன்றச் செய்த குழாய். ஒரு ஆள் தொங்கிச் சுற்றும் வேகத்தைத் தாங்கச் செய்தது கிடையாது.

படி 2: எந்த நாளில் விட்டீர்கள் என்று தேடுங்கள்

"எனக்கு ஆர்வமே இல்லை" என்று சொல்வதை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். ஒரு நோட்டு எடுத்து, கடைசியாக ஏறிய ஐந்து நாட்களை நினைவிலிருந்து எழுதுங்கள். அன்றைக்கு என்ன நேரம், அதற்கு முன் என்ன செய்தீர்கள், எந்த அசைவில் நின்றீர்கள், உடம்பில் எங்கே வலித்தது.

நான் எழுதியபோது ஐந்தில் நான்கு நாள் ஒரே வரி வந்தது: "கை வழுக்கியது, விட்டுவிட்டேன்." மூன்று வாரமாகச் சோம்பல் என்று நான் பெயர் வைத்திருந்தது இதற்குத்தான். அந்த மூன்று வாரத்துக்கு முன் தினமும் சாயங்காலம் ஏறப் போய், தினமும் வழுக்கி, தினமும் தோற்று இறங்கியிருக்கிறேன். அப்படி இருந்தால் யாருக்குத்தான் மறுநாள் அந்த அறைக்குள் போக மனம் வரும்?

படி 3: எண்ணெய் (இதை மெதுவாகப் படியுங்கள்)

எங்கள் பக்கம் குளித்தபின் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காமல் வெளியே வர மாட்டோம். கை காலிலும் மிச்ச எண்ணெயைத் தடவிவிடுவோம். ஊருக்கு வந்தபின் நானும் அதே பழக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். பெங்களூரில் ஒட்டிய கை இங்கே ஏன் ஒட்டவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஒரு நாள் ஜன்னல் வெயில் கம்பத்தில் சாய்வாக விழுந்தது. நெஞ்சு உயரத்தில் இருந்து தலை உயரம்வரை மெழுகு பூசினமாதிரி ஒரு மங்கல். விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. விரலை முகர்ந்தால் தேங்காயெண்ணெய் வாசம்.

அதற்கு முன்னும் நான் துடைக்காமல் இல்லை. துடைத்தது கை கழுவும் சானிடைசர் ஜெல்லால். அதில்தான் நான் இரண்டாவது முறை சறுக்கினேன். அந்த ஜெல்லில் பெரும்பாலும் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், தோல் வறளாமல் இருக்க. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் கம்பத்திலேயே தங்கிவிடும். எண்ணெயை எடுக்கிறேன் என்று வேறொரு வழவழப்பைப் பூசிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது இது. மெடிக்கல் ஷாப்பில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை துடைப்பேன். துணியை மாற்றி, காய்ந்த துணியால் இன்னொரு முறை. குரோமுக்கும் எவர்சில்வருக்கும் இது போதும். பவுடர் கோட்டிங், சிலிகான் உறை போட்ட கம்பம் என்றால் விற்றவர்கள் கொடுத்த குறிப்பைப் பாருங்கள். சாமி விளக்கு எரியும் அறையில் இந்த பாட்டிலைத் திறக்க வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

தோலுக்கு: ஆடும் நாளில் காலையிலிருந்தே கை, தொடை, முழங்காலின் பின்பக்கம் எதிலும் எண்ணெயோ கிரீமோ கூடாது. தலைக்கு வைத்தால் முடியைத் துணியால் இறுகக் கட்டி, கையைச் சோப்புப் போட்டு இரண்டுமுறை கழுவுங்கள். எண்ணெய்க் குளியலை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன், அன்றைக்குக் கம்பத்துக்கும் ஓய்வு.

மல்லர் கம்பத்தில் மர உடம்புக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். அது மரம், உரசலைக் குறைக்க வேண்டியிருக்கிறது. நம்முடையது உலோகம், உரசலை நம்பித்தான் தொங்குகிறோம். அதைப் பார்த்துவிட்டு இதற்கும் பூசலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு விதமான பிடி வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும். உள்ளங்கை நசநசவென்று இருக்கும். அப்போது திரவச் சாக்பொடி (கையில் தடவிக் காயவிட்டால் பிடி தரும்) நல்லது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். காய்ந்த தோலும் கம்பத்தில் ஒட்டாது. அந்த மாதங்களில் சாக்பொடி போட்டால் இன்னும் மோசம். தொடையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒரு நிமிடம் விட்டு ஏறிப் பாருங்கள். கம்பம் சில்லிட்டிருந்தால் பத்து முறை கையால் உருவிச் சூடாக்குங்கள்.

படி 4: மூன்று பாட்டு

ஒரு மணி நேரம் ஆட வேண்டும் என்று திட்டம் போட்டால் ஆரம்பிக்கவே மாட்டோம். நான் மூன்று பாட்டு மட்டும் வைத்திருக்கிறேன். முதல் பாட்டில் தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் சூடாக வேண்டும். இரண்டாவதில் தெரிந்த சுழற்சிகள், வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை. மூன்றாவதில் புதிதாக ஒன்று. மூன்று முடிந்ததும் நிறுத்தினாலும் அந்த நாள் கணக்கில் சேரும். பாதி நாள் நான் நிறுத்துவதில்லை. கம்பத்தை ஸ்பின்னில் (கம்பமே சுழலும்படி) விடாமல் ஸ்டாட்டிக்கில் (சுழலாதபடி) பூட்டி ஆரம்பியுங்கள். களைப்பில் ஸ்பின் தலை சுற்ற வைக்கும்.

குட்டை டவுசரை முதல்நாள் இரவே கம்பத்துக்குப் பக்கத்து நாற்காலியில் எடுத்து வைத்துவிடுங்கள். நீளப் பேன்டோடு நாலு முறை வழுக்கிவிட்டு மனம் ஒடிந்துபோவதற்கு இது எவ்வளவோ மேல்.

படி 5: ஏறுவது காலால்

என்னை மறுபடி கம்பத்தோடு சேர்த்து வைத்தது அம்முச்சி, அம்மாவின் அம்மா. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நான் கிளைம்ப் செய்வதை, அதாவது கம்பத்தில் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் உடம்பை இழுத்து இழுத்து இரண்டாவது எட்டிலேயே இறங்கிவிட்டேன்.

"ஏங் கண்ணு, மரமேறிங்க கையிலயா ஏறுறாங்க? காலுல தளை போட்டு உந்தோணும். கை சும்மா புடிச்சுக்கத்தான்."

தளை என்பது மரமேறுகிறவர்கள் காலில் மாட்டும் கயிற்று வளையம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னையில் கள் இறக்குகிறவர்களை அவர் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறவர். அவர் சொன்னபடி செய்தேன். ஒரு காலின் பாதத்தை மடக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு கம்பத்தில் படும்படி கோத்தேன். மறுகாலின் ஆடுசதையைக் கம்பத்தின் மறுபக்கத்திலிருந்து அழுத்தினேன். கம்பம் இரண்டு காலுக்கும் நடுவே இறுகியபின்தான் முழங்காலை நீட்டி எழுந்தேன். கை மேலே போய் அடுத்த இடத்தைப் பிடித்தது. இப்படியே ஐந்து எட்டு வைத்தேன். மேலே கூரையின் சிலந்திவலை மூக்குக்கு நேரே இருந்தது.

வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தனியாக ஆடும்போது நம் கண்ணுக்குத் தெரியாதது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டில் யாராவது பார்க்கத் தயாராக இருந்தால் பார்க்கவிடுங்கள். ஆட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

யாரும் இல்லையென்றால் போனை நிறுத்திப் படம் எடுங்கள். அன்றைக்கே பார்க்க வேண்டாம், அன்றைக்குக் குறைதான் தெரியும். மாதம் ஒருமுறை முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியாக இருக்கும்போது செய்யக் கூடாதவை

தலைகீழாகத் தொங்கும் அசைவு எதையும் வீட்டில் தனியாகப் புதிதாகக் கற்காதீர்கள். ஆசிரியர் முன்னால் பலமுறை செய்தது மட்டும், அதுவும் மெத்தை போட்டு, பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது. போன் கைக்கெட்டும் தரையில் இருக்கட்டும், அலமாரி மேல் வேண்டாம். ஏறும் முன் கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் இறுக்கியபின்தான் ஆட்டம். தொடையில் நீலம் பாரிப்பது இந்த ஆட்டத்தில் சகஜம். மணிக்கட்டிலோ தோளிலோ குத்துகிற மாதிரி வலித்தால் அது வேறு, அன்றைக்கு நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை

பாறசாலையிலிருந்து ஒருவர், தங்கள் வீடு முழுக்க ஓட்டுக்கூரை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கூரையைத் தொடாமல் அகலமான அடித்தட்டின் மேல் நிற்கும் மேடைக் கம்பம் இருக்கிறது. விலை அதிகம், இடமும் நிறைய அடைக்கும். அது வரும்வரை தரையில் செய்யும் அசைவுகளையும் தோள் வலுப்பெறும் பயிற்சிகளையும் மேலே சொன்ன மூன்று பாட்டுக் கணக்கிலேயே செய்யுங்கள். திண்ணைத் தூணில் ஏறிப் பார்க்க வேண்டாம்.

நகரியிலிருந்து எழுதிய அக்கா, எல்லாம் துடைத்தும் வழுக்குகிறது என்றார். இரண்டு மூன்று முறை எழுதிக் கேட்டபின் தெரிந்தது, துடைக்கும் துணியை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டு, வாசனைக்கான துணிக் கண்டிஷனரும் ஊற்றியிருக்கிறார். அது துணியில் வழவழப்பான படலம் விடும். துணியைத் தனியாக வெறும் சோப்பில் அலசி வெயிலில் காயப்போடச் சொன்னேன். நேற்று எழுதியிருந்தார், போல் சிட்டில் இரண்டு கையையும் விட்டு உட்கார்ந்தாராம்.