தோட்டக் காணி அலுவலாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

காணி அலுவல் எதுவும் இல்லாமல் ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நல்லூருக்குப் போங்கள், கீரிமலையில் குளியுங்கள், சந்தோசமாகத் திரும்பி வாருங்கள். அம்மா பெயரிலோ அப்பு பெயரிலோ நாலு பரப்புத் தோட்டமும் ஒரு பங்குக் கிணறும் இன்னும் கிடக்கிறது, இந்த லீவில் அதை ஒழுங்காக்கிவிட்டு வருவோம் என்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கந்தோருக்குப் போவது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் வேறு வேறு. செயலகம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கீழ் வருவது, யாழ். மாவட்டத்தில் 15 இருக்கின்றன. கிராம அலுவலர், வயதானவர்கள் வாயில் இன்னும் விதானையார், அதற்குக் கீழ் வேலை செய்கிறவர். சபை என்பது வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வது. மாநகர சபை ஒன்று, நகர சபை மூன்று, பிரதேச சபை பதின்மூன்று. சோலை வரி (வீடு, காணிக்கான ஆதன வரி), உள்ளூர் ஒழுங்கைகள், கட்டட அனுமதி, சந்தை எல்லாம் சபையின் பொறுப்பு. பெயர்கள்தான் ஆளைச் சுற்றவிடும். வலிகாமம் தெற்குக்குச் செயலகம் உடுவிலில், சபை சுன்னாகத்தில். வலிகாமம் மேற்குக்குச் செயலகம் சங்கானையில், சபை சுழிபுரத்தில். வலிகாமம் கிழக்கென்றால் கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையில் ஓட வேண்டும். ஆட்டோக்காரரிடம் 'பிரதேசக் கந்தோர்' என்று மட்டும் சொன்னால் பாதி நாள் போய்விடும்.

இவை இரண்டையும் தவிர, தோட்டமும் வயலும் செய்கிறவர்கள் அடிக்கடி போய்வருகிற இடம் கமநல சேவை நிலையம். உர மானியமும் விவசாயப் பதிவும் அங்கேதான். உங்கள் வயலை ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார், அவர் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறது என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நினைத்தவுடன் எழுப்ப முடியாது. அது நியாயமான சட்டம் என்பதே என் கருத்து. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, 'காணி எங்கட, நாளைக்கு விடு' என்று சொல்கிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்கள் போன பிறகு அந்தத் தறையில் எருக்கலைதான் முளைக்கிறது. டெங்குக் காலத்தில் சபை வந்து படலையில் துப்புரவு அறிவித்தல் ஒட்டும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சீதனமாக வந்த செம்மண் தோட்டம் ஒன்று வலிகாமத்தில் இருக்கிறது. ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கில் அது அரை ஏக்கருக்கும் குறைவு. வெங்காயம், பீட்றூட், இடைக்கிடை புகையிலை. அம்மம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் சித்தியின் மகள். அந்தக் காணியை அவளுக்கு நன்கொடை உறுதியாக (பத்திரமாக) எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மா கனடாவில் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி, அத்தாட்சிப்படுத்தி என்னிடம் தந்துவிட்டார்.

உறுதி எழுதிப் பதிகிற நொத்தாரிசு, அம்மாவின் சீதன உறுதியைப் புரட்டிப் பார்த்தார். "சபையில் வரி நிலுவை இல்லை என்று ஒரு கடிதம் எடுத்து வாங்கோ தம்பி, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்றார். நான் போன கந்தோரில் பெரிய பதிவேட்டை எடுத்து விரித்தார்கள். எழுதுவினைஞர் மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். மை வெளிறிப்போன எழுத்தில் அப்புவின், அதாவது அம்மாவின் அப்பாவின், பெயர். முதலெழுத்து பிழை. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. சீதன உறுதி எழுதிய பிறகு யாரும் சபைக்கு அறிவிக்கவில்லை. பதிவேட்டில் இருக்கும் அப்புவும் உறுதியில் இருக்கும் அப்புவும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்தால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும் என்றார்கள். கிராம அலுவலர் வெளிக்களத்தில். அவர் வந்த நாளில் சபையில் அந்தப் பிரிவைப் பார்க்கிறவர் லீவு. மேசை இருந்தது, பதிவேடு இருந்தது, கதிரையில் ஆள் இல்லை. பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தாமல் "திங்கள் வந்து பாருங்கோ" என்றார். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, மலசலகூடம் கட்டும் உதவிப்பணத்துக்காக, கையில் பொலித்தீன் பையோடு நின்றார். அவருக்கும் அதே திங்கள்தான். எனக்கு விமானச்சீட்டு என்ற அவசரமாவது இருந்தது. அவர் பாவம், எந்தத் திங்களும் வரலாம் என்று நினைத்துவிட்டார்கள். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கு ஒரு பின்னணியும் இருக்கிறது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க உறுப்பினர்கள் இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆகவே இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார் என்றால், கந்தோருக்குப் போக முன் அவரோடு கதையுங்கள். யாரைக் கேட்பது, எந்த நாள் ஆள் இருப்பார் என்பதாவது தெரியவரும்.

கிராம அலுவலர் கடைசியில் கிடைத்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. "அந்தக் காணியை இவ்வளவு காலமும் செய்யிறது உங்கட மச்சான். அவருக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கித் தாங்கோ."

மச்சான் பெரிய மாமாவின் மகன். 1995 இடப்பெயர்வில் எல்லோரும் தென்மராட்சிக்குப் போனபோது அவரும் போனார். திரும்பி வந்து பற்றையை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, வாய்க்கால் திருத்தி, மறுபடி வெங்காயம் நட்டவர் அவர். நாங்கள் அப்போது ஸ்கார்பரோவில் பனிச் சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கடிதம் கேட்டதும் அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணி தந்தார், தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மச்சான், எனக்கு ரெண்டு பரப்பும் கிணத்தில பங்கும் எழுதித் தா. மிச்சத்துக்கு எங்க வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன்" என்றார். இப்படி விலை பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. பாத்திக்குள் அவர் கால் வைத்த விதத்தைப் பார்த்தபோது வாய் திறக்க முடியவில்லை. ஒரு வெங்காயத் தாளைக்கூட மிதிக்காமல் நடந்தார். எனக்கு எங்கே மிதிப்பது என்றே தெரியவில்லை.

கிணற்றுப் பங்கை ஏன் கேட்டார் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் எல்லோருக்கும் தண்ணீர். அளவுக்கு மீறி இறைத்தால் கடலோரப் பக்கத்தில் உவராகிவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆகவே உறுதி எழுதும்போது காணி அளவை மட்டும் பார்க்காதீர்கள். கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை யார் காணிக்குள்ளால் போகிறது என்பதையும் எழுத்தில் வையுங்கள். அது எழுதாத தோட்டத்தை யாரும் செய்ய முடியாது.

மச்சானின் கடிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நொத்தாரிசு அடுத்ததைச் சொன்னார். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. அம்மா தனியாக எழுதிய தத்துவம் போதாது. அதைக் கனடாவில் தயாரித்துத் தந்தவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் சீதனக் காணி, அம்மம்மாவின் காணி, அதற்கு அப்பாவின் கையெழுத்து! இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று ஊரிலேயே பெண்கள் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாறும்வரை உங்கள் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட தத்துவத்தோடு போங்கள்.

விற்கிற எண்ணம் உள்ளவர்களுக்கு: பிரிக்காத பங்கு என்றால் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட்டுக் காணியைத் தங்கள் பக்கம் எடுக்கலாம். வாங்குகிற எண்ணம் உள்ளவர்களுக்கு: வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் இருந்தால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கும், இரட்டைக் குடியுரிமை இருந்தால் பரவாயில்லை. இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசுமார் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது வழக்கம். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், இந்த மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேளுங்கள்.

சனசமூக நிலையமும் கோயில் பரிபாலன சபையும் உங்களைத் தேடி வரும், கேட்கும். கொடுங்கள். ஆனால் வளைவு கட்டப் பணம் கேட்டால், வாசிகசாலையில் மாலைநேரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறதா, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வரலாமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நல்லூர்க் கொடி ஏறியிருக்கும் ஆவணியில் கந்தோர் வேலைக்குப் போகவேண்டாம். தை, மாசி நல்லது. நாங்களும் அப்போதுதான் மறுபடி போகிறோம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து புதிய தத்துவத்தில் ஒப்பமிட்டுவிட்டார்கள். மச்சானுக்கு இரண்டு பரப்பும் கிணற்றுப் பங்கும், மிச்சம் சித்தியின் மகளான தங்கச்சிக்கு. சபைப் பதிவேட்டில் அப்புவின் பெயரை வெட்டி இருவர் பெயரையும் எழுதும்வரை நான் கந்தோர் வாசலில் நிற்பேன்.