சேன்-பியேருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

மார்த்தினிக் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தெற்குக் கடற்கரையில் அறை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பிற்பகல் மட்டும் வடக்கே சேன்-பியேருக்கு வந்து, தியேட்டர் இடிபாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படி அவசரமாகப் பார்த்தால் இந்த ஊர் எதையும் சொல்லாது. ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுடையது காரைக்கால் குடும்பம். நான் பாரிஸ் புறநகரில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியை. கரீபியனில் ஒரே ஒரு பழைய காலனி நகரம்தான் பார்க்க முடியும் என்றால் சேன்-பியேருக்குப் போங்கள் என்பேன்.

கிளம்புமுன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 1635இல் பியேர் பெலேன் தெஸ்னாம்புக் என்ற பிரெஞ்சுக்காரர் நிறுவிய ஊர். கரும்புத் தோட்டங்களின் சர்க்கரையும் ரம்மும் இங்கிருந்துதான் கப்பல் ஏறின. அந்தத் தோட்டங்களில் சாகும்வரை உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இறக்கப்பட்டதும் இங்கேதான். அந்தப் பணத்தில் தியேட்டர், குதிரை டிராம், மின்விளக்கு எல்லாம் வந்து, ‘கரீபியனின் பாரிஸ்’ என்று பெயர் வாங்கியது. 1902 மே 8, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணி சுமாருக்குப் பெலே எரிமலை வெடித்தது. தீக்குழம்பு வழிந்து வரவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த ஓர் எரிமேகம் சரிவில் இறங்கி, ஓரிரு நிமிடத்தில் ஊரை மூடிவிட்டது. ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மக்கள் திரும்பி வந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள், பழைய சுவர்களின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு.

விசா விஷயத்தில் கவனம் தேவை. மார்த்தினிக் பிரான்சின் பகுதி, செலவாணி யூரோ. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பாரிஸுக்காக எடுத்த ஷெங்கன் விசா இதற்கும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே மார்த்தினிக்கைக் குறிப்பிட்டு, அதற்குச் செல்லுபடியாகும் விசாவைக் கேளுங்கள். பிரான்சில் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தனி விசா வேண்டாம். பாரிஸிலிருந்து நேர் விமானத்தில் எட்டரை மணி நேரம் போல ஆகும். காலம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை மழை குறைவு. ஜூலை முதல் நவம்பர் வரை மழையும் புயலும் உண்டு.

தலைநகர் ஃபோர்-து-பிரான்ஸிலிருந்து சேன்-பியேர் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் அதை நம்பக் கூடாது. முடிந்தால் கார் வாடகைக்கு எடுங்கள். காலையில் நெரிசலெல்லாம் தலைநகரை நோக்கித்தான். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் கடலோரச் சாலை சுகமாக இருக்கும். ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். ஊர் மேற்குப் பார்த்துக் கடலோரமாக நீண்டு கிடக்கிறது, பகலில் வெயில் கடுமை. நடக்க உகந்தது காலை பத்தரை வரைக்கும், அப்புறம் நாலு மணிக்கு மேலும்தான். தெற்கிலிருந்து வந்து போகிறவர்களுக்கு இந்த இரண்டு பொழுதும் கிடைக்காது.

சரி, நடக்கத் தொடங்கலாம். முதலில் விக்தோர் ஹ்யூகோ தெருவில் இருக்கும் அருங்காட்சியகம். ஃபிராங்க் பெரெ என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933இல் தொடங்கியது. 2019இல் புதுப்பித்துத் திறந்தார்கள். சின்ன இடம்தான், ஆனால் நான் அதில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து இருந்ததில்லை. நசுங்கி உருக்குலைந்த தேவாலய மணி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஆணிக் கட்டு, உருகி வளைந்த கண்ணாடிக் குப்பிகள். சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில். இருபத்தெட்டாயிரம் என்ற எண்ணை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் எதுவும் மாறாது. இந்தப் பெயர்களை நின்று வாசித்துப் பாருங்கள். ஒரே குடும்பப்பெயர் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

வெடிப்புக்கு முந்தைய நாட்களைப் பற்றிய பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஏப்ரலிலேயே மலை சாம்பல் தூவத் தொடங்கிவிட்டது. மே 5ஆம் தேதி சேற்று வெள்ளம் இறங்கி, ஊருக்கு வடக்கே இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை ஆட்களோடு புதைத்தது. அதற்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை. மே 11 அன்று தேர்தலின் இரண்டாம் சுற்று இருந்தது. ஆளுநர் லூயி மூத்தே தலைநகரிலிருந்து மனைவியோடு இங்கே வந்து தங்கினார்; இருவரும் இறந்தார்கள். தேர்தலுக்காகவே மக்களைப் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள் என்று பலர் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க நான் தயாரில்லை. மலை இப்படி ஓர் எரிமேகத்தை அனுப்பும் என்பது அன்றைய அறிவியலுக்கே தெரியாது. அல்ஃப்ரெத் லக்ருவா என்ற அறிஞர் அதை விவரித்து எழுதியதே இந்த அழிவைப் பார்த்த பிறகுதான்.

வெளியே வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள்: வடக்கே திரும்பி, மலை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி மேகத்தில் மறைந்திருந்தாலும் சரிவு தெரியும். இனிப் பார்க்கப்போகும் ஒவ்வொரு சுவரையும் அந்தத் திசையோடு சேர்த்துப் பாருங்கள். எரிமேகம் வடக்கிலிருந்து தெற்கே அடித்துக்கொண்டு போனது. அதனால் வடக்குத் தெற்காக ஓடிய சுவர்கள் பல இடங்களில் நின்றன. கிழக்கு மேற்காக, அந்த வேகத்துக்குக் குறுக்கே நின்றவை விழுந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், கற்குவியலாகத் தெரிகிற இடத்திலும் எந்தப் பக்கமிருந்து அடி விழுந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்கு இதைவிட உதவியான குறிப்பு என்னிடம் இல்லை.

அதே தெருவில் வடக்கே நடந்தால் தியேட்டர். 1786இல் போர்தோ நகரத்துத் தியேட்டரை மாதிரியாக வைத்துக் கட்டியது, 800 இருக்கை. முகப்பின் இரட்டைப் படிக்கட்டு இன்னும் இருக்கிறது. மேலே ஏறி மேடை இருந்த இடத்துக்குப் போங்கள், அங்கிருந்து பக்கவாட்டில் கீழே எட்டிப் பாருங்கள். தடித்த கல்சுவரோடு ஒரு சின்ன அறை தெரியும். அதுதான் சிறைச்சாலையின் தனிக்கொட்டடி. அதில் அடைபட்டிருந்த சிபாரிஸ் என்ற தொழிலாளி உடம்பெல்லாம் தீக்காயத்தோடு உயிர் பிழைத்தார். சில நாள் கழித்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். பிறகு அமெரிக்காவின் பார்னம் அன்ட் பெய்லி சர்க்கஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய், மேடையில் நிறுத்தித் தழும்புகளைக் காட்ட வைத்தது. ஊரில் பிழைத்தவர் இவர் ஒருவரே என்று சொல்வது சரியில்லை. ஊர் ஓரத்தில் குடியிருந்த லெயோன் கோம்பேர்-லெயாந்த்ர் என்ற செருப்புத் தொழிலாளியும் பிழைத்தார். சீமான்கள் இசை கேட்ட மண்டபமும் கறுப்புத் தொழிலாளியைப் பூட்டிவைத்த கொட்டடியும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததுதான் சேன்-பியேர். நான் மாணவர்களோடு வந்தால் இங்கே பேசுவதைக் குறைத்துக்கொள்வேன்.

தியேட்டருக்குக் கீழே கடற்பக்கம் ஃபிகியே குடியிருப்பின் இடிபாடுகள், பழைய கிடங்குகள். படிகள் ஒழுங்கில்லை, மழை பெய்திருந்தால் வழுக்கும். முழங்கால் வலி இருந்ததால் அம்மாவை நான் அங்கே இறக்கவில்லை. மேலே சாலையிலிருந்தே பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. மனநோயாளிகளுக்கான பழைய மருத்துவமனையின் மிச்சமும் பக்கத்தில் உண்டு. நோயாளிகளைக் கட்டிவைத்த இரும்பு நாற்காலிகளின் மிச்சத்தை அங்கே காணலாம். மனம் தாங்காதவர்கள் தவிர்க்கலாம்.

அப்புறம் ரொக்ஸ்லான் ஆற்றின் கல்பாலம். 1766இல் கட்டியது, எரிமேகத்தைத் தாங்கி நின்றது. அக்கரையில் கோட்டைத் தேவாலயத்தின் இடிபாடு. இங்கே யாரும் கூட்டமாக வருவதில்லை, எனக்கு ஊரிலேயே மனதில் ஆழமாகப் பதிந்த இடம் இதுதான். சுவரின் பெரிய பெரிய துண்டுகள் புரண்டு கிடக்கின்றன. அன்று திருநாள் என்பதால் காலையில் ஜனங்கள் பூசைக்கு வந்திருந்தார்கள்.

எரிமலையோடு ஊரின் கதையை நிறுத்திவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. 1848இல் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை பாரிஸில் ஏப்ரல் 27ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அதைக் கொண்டுவரும் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. மே மாதம், பறை அடித்ததற்காக ரொமேன் என்ற அடிமையைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அதற்கு எதிராக மக்கள் எழுந்தார்கள், மே 22 அன்று சேன்-பியேரில் இரத்தம் சிந்தியது. மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆணை வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மே 22 இன்றும் தீவு முழுக்க விடுமுறை. மே மாதம் போனால் 8ஆம் தேதி நினைவுநாள், 22ஆம் தேதி விடுதலை நாள், இரண்டையும் பார்த்துவிடலாம்.

நம்மவர்கள் வந்து இறங்கியதும் இந்தக் கடற்கரையில்தான். விடுதலை பெற்றவர்கள் அந்தக் கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்ய மறுத்ததும், முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தோடு சேன்-பியேர் வந்து சேர்ந்தது. அடுத்த முப்பது வருடத்தில் 25,000 பேர் வரைக்கும் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். பெர்த்தேன் சதுக்கத்தில் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று தமிழர்களிடம் நான் தனியாகச் சொல்வது இதற்காகத்தான். அவர்களின் வாரிசுகளைப் பார்க்க வேண்டுமென்றால், மறுநாள் மலையைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கே பாஸ்-புவாந்த் போங்கள். அங்கே தோட்டங்களுக்கு நடுவில் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் சின்னக் கோயில்கள் உண்டு. சடங்கு நடக்கும்போது அழைப்பில்லாமல் நுழைந்து படம் எடுக்காதீர்கள். நாமும் தமிழர்தானே என்ற உரிமையில், இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் போகாதீர்கள். மொழி கைவிட்டுப் போன பிறகும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தெய்வத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

சாப்பாடு: பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் மதிய உணவை முடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். சுட்ட மீன், மீன் பஜ்ஜி போன்ற அக்ரா, அப்புறம் கொலம்போ. கொலம்போ என்பது நம் ஆட்கள் கொண்டுவந்த மசாலாவில் செய்யும் கோழி அல்லது ஆட்டுக்கறிக் குழம்பு; காரம் குறைவு. சைவக்காரர்களுக்குச் சிரமம்தான், காலையிலேயே சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையோ பேருந்தோ, நுழைந்ததும் முதலில் “போன்ஷூர்” சொல்லுங்கள். நேராகக் கேள்வியில் ஆரம்பித்தால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

நேரம் மிஞ்சினால் ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் தெபாஸ் ரம் ஆலை. வெடிப்பு நடந்தபோது பிரான்சில் படித்துக்கொண்டிருந்த விக்தோர் தெபாஸ் என்ற பிள்ளை குடும்பம் முழுவதையும் இழந்தார்; திரும்பி வந்து 1917இல் இதை நிறுவினார். குடிக்காதவர்களும் போகலாம். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைக்கும் கரும்பு அரைப்பதை நேரில் பார்க்கலாம். ஊருக்கு முன்னால் விரிகுடாவில், வெடிப்பு நாளன்று மூழ்கிய கப்பல்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் பெரியதான ரொரைமா மிக ஆழத்தில் இருக்கிறது, அனுபவமுள்ள முக்குளிப்பவர்களுக்கு மட்டும்.

கடற்கரையில் ஓர் எச்சரிக்கை. மணல் கறுப்பு, மத்தியானம் வெறுங்காலோடு நடக்க முடியாது. சின்னப் பச்சை ஆப்பிள் போலப் பழம் விழுந்து கிடக்கும் மான்சினீல் மரம் கொடிய விஷம். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பழத்தைப் பிள்ளைகள் தொடாமல் பாருங்கள், மழைக்கு அதன் கீழே ஒதுங்கவே கூடாது. இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைப் புண்ணாக்கிவிடும்.

பெலே மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் சேன்-பியேரிலிருந்து கிளம்ப வேண்டாம். மோர்ன்-ரூஜ் பக்கம் எய்லரோன் என்ற இடம் வரைக்கும் கார் போகும், பாதை அங்கே தொடங்குகிறது. உச்சி 1,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்வர நாலைந்து மணி நேரம். விடியலிலேயே ஏறத் தொடங்கினால்தான் மேகம் மூடுமுன் கீழே ஊரைப் பார்க்க முடியும். பாதையை விட்டு விலகாதீர்கள், புதரில் விஷப் பாம்பு உண்டு. 2020 டிசம்பரில் மலையின் எச்சரிக்கை நிலையை மஞ்சளுக்கு உயர்த்தினார்கள், அதனால் போகிற வாரத்தில் எரிமலை ஆய்வு நிலையத்தின் அறிவிப்பைப் படித்துவிட்டே நாளைக் குறியுங்கள்.