டொமினிக்கா: கடற்கரையைத் தாண்டிய கரீபியன் பயணத்தைத் திட்டமிடும் முறை

கரீபியன் கடலில் குவாடலூப், மார்ட்டினிக் தீவுகளுக்கு நடுவே, சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள டொமினிக்கா ஓர் எரிமலைத் தீவு. அங்கே வெண்மணல் கரைகள் மிகக் குறைவு. பெரும்பாலான கரைகளில் கருமணலே உண்டு. மழைக்காடு, அருவிகள், வெந்நீர் ஊற்றுகள், பூர்வகுடிகளின் ஊர்கள் ஆகியவைதான் அதன் செல்வம். ஆகவே இருப்பதிலேயே கடினமான மலைநடைக்கு முதலில் நாள் குறித்துவிட்டு, மற்ற அனைத்தையும் அதையொட்டி அமைப்பதுதான் முதன்முறை செல்பவர்களுக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து.

படி 1: காலத்தையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பர் 18 அன்று ஐந்தாம் வகைப் புயலான மரியா இந்தத் தீவைச் சூறையாடியது என்பதை நினைவில் வைத்து, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். மலைகளில் அப்போதும் மழை பெய்யும். அக்டோபர் இறுதியில் நடைபெறும் கிரியோல் இசை விழாவுக்காகச் செல்ல விரும்புவோர் புயல் ஆபத்தை ஏற்றுக்கொண்டே செல்ல வேண்டும். அந்நாட்களில் பெண்கள் அணியும் பாரம்பரிய உடையில் காணப்படும் கட்டம்போட்ட மெட்ராஸ் துணி, நம் சென்னைத் துறைமுகத்தின் வணிகத்தால் அங்கே பரவியது.

மயாமியிலிருந்து நேரடி விமானம் உண்டு. ஆன்டிகுவாவிலோ பார்படோசிலோ விமானம் மாறியும் செல்லலாம். அமெரிக்கா வழியாகச் செல்லும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள், அங்கே விமானம் மட்டுமே மாறினாலும், அமெரிக்க விசா பெற்றிருக்க வேண்டும். குவாடலூப்பிலிருந்து படகில் செல்வதானால், அது பிரான்சின் பகுதி என்றாலும் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் வராது என்பதால், அந்தத் தீவுக்கும் செல்லுபடியாகும் எனக் குறிக்கப்பட்ட விசா தேவைப்படும். பயணச்சீட்டில் டொமினிக்காவின் டக்ளஸ்-சார்லஸ் விமான நிலையம் என்றுள்ளதா எனப் பாருங்கள். பெயர் ஒத்திருந்தாலும் டொமினிக்கன் குடியரசு முற்றிலும் வேறு நாடு.

படி 2: கொதிக்கும் ஏரிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

1997-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மோர்ன் த்ருவா பித்தோன் தேசியப் பூங்காவுக்குள் இந்த ஏரி இருக்கிறது. பூமிக்கடியிலுள்ள பாறைக்குழம்பிலிருந்து எழும் சூடான வாயுக்கள், மழைநீரும் ஓடைநீரும் தேங்கிய பள்ளத்தின் அடிவழியே மேலேறுவதால், சாம்பல் கலந்த வெண்ணிற நீர் நடுப்பகுதியில் ஓயாமல் குமுறிக்கொண்டிருக்கும். லோதா என்ற மலைக்கிராமத்தின் அருகே தொடங்கும் நடை, போக வர ஆறு முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும்.

வழியில் குறுக்கிடும் பிரெக்ஃபாஸ்ட் ஆற்றங்கரையில் சற்று இளைப்பாறிக்கொள்ளுங்கள். அதன்பின் மோர்ன் நிக்கோல்ஸ் உச்சி வரை ஏற்றம்தான். உச்சியைக் கடந்து இறங்கினால் பாழ்நிலப் பள்ளத்தாக்கு வரும். அங்கே கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். மஞ்சள் படிந்த பாறைகளுக்கிடையே ஒரு காலடிக்குக் கருநிற ஓடை, அடுத்த காலடிக்குப் பால்நிற ஓடை என நீர் நிறம் மாறிக்கொண்டே போகும். கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால் கொலுசு, மோதிரங்களை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். காலடி மண் மெல்லியதாக இருக்கும் இடங்களில் கீழே கொதிநீர் இருக்கக்கூடும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தயவுசெய்து அங்கே கால்வைக்காதீர்கள்.

மறுநாள் ஓய்வுக்குரியது. டிராஃபால்கர் அருவியும் வாட்டன் வேவன் ஊரின் வெந்நீர்க் குளங்களும் போதும்.

படி 3: கலினாகோ மக்களின் ஊர்களுக்குச் செல்லுங்கள்

கிழக்குக் கரையில், 1903-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் ஒதுக்கிய சுமார் 3,700 ஏக்கர் நிலத்தில் பூர்வகுடிகளான கலினாகோக்கள் வாழ்கிறார்கள். 2023-இல் அவர்களில் ஒருவரான சில்வானி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவரானார். லாரூமா என்னும் நாணலைக் கிழித்து உலர்த்தி, கறுப்பு, பழுப்பு, வெள்ளை இழைகளால் கூடை பின்னுவதை அருகிலிருந்து பார்க்கலாம். சில கூடைகளில் இரண்டு அடுக்குகளுக்கிடையே இலை வைத்துப் பின்னுவதால் மழைநீர் உள்ளே இறங்காது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, அகன்ற கல்லில் சுடும் ரொட்டியைச் சூடாக வாங்கி உண்ணுங்கள். கூடைகளை நெய்தவர்களிடமே வாங்குங்கள், படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

படி 4: வடக்கே போர்ட்ஸ்மத்தில் தங்குங்கள்

இந்தியன் ஆற்றில் மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லை. துடுப்புப் படகில், பலகைபோல் விரிந்த வேர்களைக் கொண்ட மரங்களுக்கிடையே செல்லலாம். அருகிலுள்ள ஷெர்லி கோட்டையை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். 1802-இல் அடிமைகளாகவே படையில் சேர்க்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் போர்வீரர்கள் இங்கேதான் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1807-இல் பிரிட்டிஷ் படையிலிருந்த அடிமை வீரர்கள் அனைவரும் விடுதலை பெற்றார்கள்.

படி 5: தங்குமிடம், பணம், மீதி நாள்

விமான நிலையத்திலிருந்து தலைநகர் ரோசோவுக்கு வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால், தெற்கில் ரோசோ, வடக்கில் போர்ட்ஸ்மத் என இரண்டு இடங்களில் தங்குவது அலைச்சலைக் குறைக்கும். கிழக்குக் கரீபியன் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என நிலையாக உள்ளது. கிராமங்களுக்குச் சில்லறையாகக் கொண்டு செல்லுங்கள். வாகனங்கள் நம்மூரைப் போலவே இடப்பக்கம் செல்லும்.

கடைசியாக, ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். மழையால் ஏரி நடை தள்ளிப்போனால் அந்த நாள் அதற்குப் பயன்படும். தள்ளிப்போகாவிட்டால் ரோசோவிலிருந்து படகேறுங்கள், கரையை ஒட்டியே கடல் மிக ஆழமாக இருப்பதால் எண்ணெய்த் திமிங்கலங்கள் ஆண்டு முழுவதும் அங்கே தங்கியிருக்கின்றன.