வித்தியாசமான இனம் எடுக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறோம். ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. போன மாதம் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான். கேரக்டர் ஷீட்டை நீட்டினான். இனம் என்ற இடத்தில் "கெங்கு" என்று எழுதியிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஒரு காலத்தில் அதைத்தான் எழுதினேன்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில், பகடையைத் தப்பாகக் கூட்டுவது, எந்த ஆயுதத்துக்கு எந்தப் பகடை என்று மறப்பது போன்றவை இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கேரக்டரின் குறையை மற்றவர் தலையில் கட்டுவது

கெங்குவுக்குக் காக்கை முகம், இறக்கை கிடையாது. 2016-இல் வந்த விதிகளின்படி அதற்குச் சொந்தப் பேச்சும் கிடையாது. காதில் விழுந்த குரல்களையும் சத்தங்களையும் அப்படியே திருப்பிச் சொல்லித்தான் பேச வேண்டும். படித்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஆட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வேன். என் முறை வந்தால் பக்கத்தைப் புரட்டி, சத்திரக்காரன் குரலில் "கதவு", காவலாளி குரலில் "வேண்டாம்", யாரோ ஒரு கிழவி குரலில் "ரத்தம்" என்று ஒட்டுப்போட்டுப் பேசுவேன்.

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் புன்னகைத்தார்கள். மூன்றாம் நாள் நான் நோட்டைத் திறந்ததும் ஒருவர் எழுந்து தே தாரேக் டீ கலக்கப் போய்விட்டார். நான் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதே சரி.

அப்புறம் அந்தச் சுரங்கம் வந்தது. தரையோடு தரையாக ஒரு கம்பி கட்டியிருந்ததை என் கெங்கு மட்டும் பார்த்தது. இருபது முகப் பகடையில் 19 விழுந்திருந்தது. "நில்லுங்கள், கம்பி" என்று சொன்னால் போதும். ஆனால் அதுவரை யாரும் என் முன்னால் "கம்பி" என்ற சொல்லைச் சொல்லவில்லையே! நோட்டைப் புரட்டினேன். "கயிறு" இருக்கிறதா? இல்லை. "கால்" இருந்தது, மீன்காரன் குரலில். மீன்காரன் குரலில் "கால், கால்" என்று கத்தினேன். மீன் விலைக்குப் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நண்பரின் கேரக்டரான பலடின் (புனித வீரன்) ஓர் அடி எடுத்து வைத்தான்.

குழி. அடியில் முள். இறங்கிக் காப்பாற்ற யாரிடமும் கயிறு இல்லை. உயிர் ஊசலாடும்போது உருட்டும் சாவுப் பகடையில் மூன்று தரம் 10-க்குக் கீழே விழுந்தால் கதை முடிந்தது. முடிந்தது. நாலு மாதமாக அவர் ஆடிய கேரக்டர் அது. ஷீட்டை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது: "என் கேரக்டர் அப்படித்தான் பாஸ்."

என்ன அப்படித்தான்? கையை நீட்டித் தடுத்திருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. தடை போட்டது நான். பேச்சு வராத குறை என் கேரக்டருக்கு, அதற்கு விலை கொடுத்தது இன்னொருவர். கைதட்டல் வாங்கத்தான் நான் அந்த இனத்தை எடுத்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

2022-இல் வந்த புத்தகத்தில் இந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். கெங்கு இப்போது மற்றவர்களைப் போலவே பேசலாம், குரல்களைப் போலி செய்யும் திறமை மட்டும் மிச்சம். பழைய விதிதான் பிடிக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. "சத்திரக்காரன் குரலில் உங்களை எச்சரிக்கிறேன், அங்கே கம்பி இருக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். குரல் எப்படி இருந்தது என்பதை அவரவர் கற்பனை செய்துகொள்வார்கள். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மெதுவாகத் திரும்ப உள்ளே வைத்தான்.

பறக்கத் தெரியும் என்பதால் பறப்பது

ஆரகோக்ரா என்ற பறவை மனிதர்களுக்கு 2015 விதிப்படி ஒரு சுற்றில் 50 அடி பறக்க முடியும். ஆட்டத்தை நடத்தும் டிஎம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்த மதிலும் ஆறும் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆகையால் டிஎம்மிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரி என்றாலும் தனியாக மேலே போகாதீர்கள். பறக்கும்போது யாராவது உங்களை நிலைகுலைய வைத்தால் கல்லைப் போல விழுவீர்கள். விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு டி6, அதாவது ஓர் ஆறுமுகப் பகடை அளவு சேதம். 60 அடி உயரம் என்றால் ஆறு பகடை, சராசரி 21. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழெட்டுதான். சாவுப் பகடை உருட்டும் சிரமம்கூட இருக்காது.

சென்டார் எடுத்துவிட்டு ஏணியை மறப்பது

பாதி மனிதன், பாதி குதிரையான சென்டாருக்கு ஒரு சுற்றில் 40 அடி வேகம் சுகம்தான். ஆனால் கையும் காலும் போட்டு ஏற வேண்டிய இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் நாலு அடி கூடுதல் செலவு. ஒரு சுற்றுக்கு எட்டடி! மேலே மற்றவர்கள் சண்டையை முடித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்ப்பார்கள்.

பாலைவனக் கதையில் தவளை

கிரங் என்ற தவளை இனம் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வேண்டும், இல்லாவிட்டால் களைப்பு. போதுமா?

ஆமைக்குக் கவசம்

ஆமை இனத்தின் ஓட்டுக்குப் பாதுகாப்பு எண் 17. கேடயம் பிடித்தால் இன்னும் 2. கவசம் போட முடியாது. கேட்காதீர்கள்.

இனத்தையே குணமாக எழுதுவது

பூனை இனம் என்றால் திருடன், ஓர்க் என்றால் முரடன். இந்த ஊரில் படிவம் நிரப்பும்போதெல்லாம் "இனம்" கட்டத்தில் டிக் போட்டே வளர்ந்த நாம் இதைச் செய்யலாமா? 2024 விதிப்புத்தகத்தில் அந்தச் சொல்லையே மாற்றி "ஸ்பீசிஸ்" ஆக்கிவிட்டார்கள். எங்கள் மேசையில் இன்னும் இனம்தான், பழக்கம் போகவில்லை.

சொந்தமாக இனம் செய்யும்போது எல்லாவற்றையும் கொடுப்பது

அதே தம்பி அடுத்த வாரம் கெங்குவை விட்டுவிட்டு யாளியோடு வந்தான். கோவில் தூணில் பார்த்து எழுதியதாம். யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டியல்தான் பிடிக்கவில்லை: சிங்கக் கடி, நகம், துதிக்கையில் ஒரு வாள், பாய்ந்து முட்டுதல், இருட்டில் பார்வை, வாலால் ஓர் அடி.

2018-இல் வந்த லாக்சோடன் என்ற யானை இனத்தைக் காட்டினேன். அதன் துதிக்கை பொருளைத் தூக்கும், பிடிக்கும். ஆயுதமோ கேடயமோ ஏந்தாது. ஏற்கெனவே இருக்கும் இனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று சேர்த்தால் ஒன்றை வெட்டு என்றேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நகம் போனது. வாள் போனது. முட்டுதலும் போனது.

"அண்ணே, வாலாவது வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோ தம்பி. அடிக்க முடியாது, ஆட்டலாம்."