பிளாஸ்டிக் ராடில் உளிப்பிடி கடையும்போது செய்யக்கூடாதவை

மரப்பிடி வெடித்து வெடித்து அலுத்துப்போனவர்கள் நைலான், டெல்ரின் (அசிட்டால் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்), அக்ரிலிக் ராடு வாங்கி லேத்தில் மாட்டி, உளிக்கும் அரத்துக்கும் தாங்களே பிடி கடைந்துகொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மரத்தில் பழகிய கை அதே பழக்கத்தோடு பிளாஸ்டிக்கில் இறங்கினால் காசும் போகும் ராடும் போகும், ஏனென்றால் இங்கே வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு.

எல்லாவற்றிலும் மோசமானது, உளியின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் கூர்முனையை, பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவது. மரத்தில் வால் போகும் வழி கருகி, அது கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும், டெல்ரின் 175 டிகிரியில் உருகிவிடும், இதற்குள் பழுத்த இரும்பை விட்டால் துளை கூழாகிவிடும். அதோடு டெல்ரின் மிஞ்சிக் காய்ந்தால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும், தயவுசெய்து செய்யாதீர்கள். வாலின் நுனிக்கு ஒரு டிரில், அடிக்கு அதைவிடப் பெரியது என்று படிப்படியாகத் துளை போடுங்கள், அதுவும் ஒரே மூச்சில் இறக்காமல் கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, சீவலைத் தட்டிவிட்டு மறுபடி.

சரி, துளை கொஞ்சம் லூசானால் அரால்டைட் பசை ஊற்றிக்கொள்ளலாம் என்றால், டெல்ரினில் அது நிற்காது. காய்ந்த பசை அப்படியே கழன்று வரும். துளையின் உள்பக்கம் வரிவரியாகக் கீறிவிட்டு வாலையும் சொரசொரப்பாக்கினால் பசைக்குப் பிடிமானம் கிடைக்கும், அடி வாங்கும் கருவி என்றால் குறுக்கே ஒரு பின் அடித்துவிடுவதுதான் எனக்கு நம்பிக்கை. சுத்தியலால் அடிக்கும் உளிக்கு அக்ரிலிக் பிடியே வேண்டாம், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் சில்லுச்சில்லாக உடையும்.

பிடியின் முனையில் மாட்டும் உலோக வளையமான பூண் உட்காரும் இடத்தை அளக்க அவசரப்படாதீர்கள். 25 மி.மீ. டெல்ரின் 30 டிகிரி சூடேறினாலே கிட்டத்தட்ட 0.08 மி.மீ. பெருத்துவிடும், இரும்பு அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் பெருக்கும். கடைந்த சூட்டோடு பூணை மாட்டினால் அப்போது இறுக்கமாக இருக்கும், ஆறியதும் கையோடு சுழலும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளங்கள்.

நைலானிலும் டெல்ரினிலும் சீவல் பொடியாக உதிராது, நாடா மாதிரி நீளமாக வந்து ராடையும் அதைக் கவ்விப் பிடிக்கும் லேத்தின் ‘சக்’கையும் சுற்றிக்கொள்ளும். ஓடும்போது கையால் இழுக்கவே கூடாது, விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். லேத்தை நிறுத்துங்கள், நின்றபிறகு எடுங்கள். அக்ரிலிக்கில் வேறு தொல்லை: கடையும் உளி கொஞ்சம் கொத்தினாலும் துண்டு பெயர்ந்துவிடும், அதனால் முனையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மெல்லச் சுரண்டுங்கள். வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக்கா என்று கேட்டு வாங்குங்கள், அச்சில் பிதுக்கிய ரகம் சீக்கிரம் இளகி உளியில் ஒட்டும்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், உலர்வாகத் தேய்த்தால் அங்கும் சூடு ஏறி மேற்பரப்பு மங்கிவிடும். அப்புறம் அக்ரிலிக்கைத் தின்னரோ ஸ்பிரிட்டோ வைத்துத் துடைக்காதீர்கள், முடி போன்ற விரிசல்கள் ஓடும், சோப்புத் தண்ணீரே போதும். துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் ஹைலத்தைக் கடைபவர்கள் மட்டும் முதல் சீவலிலிருந்தே நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.