போர்வெல்லை ஆழப்படுத்தினால் தண்ணீர் வந்துவிடுமா? சென்னை வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வற்றத் தொடங்கியதும் சென்னையின் பல குடியிருப்புகளில் முதலில் எழும் யோசனை, இன்னும் நூறு அடி இறக்கலாம் என்பதுதான். நிலத்துக்குள் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்காமல் எடுக்கப்படும் இந்த முடிவே பெரும் தவறு. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை வெடிப்புகளில் மட்டுமே நீர் இருக்கும்; ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறையுமே தவிர நீர் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கான பகுதிகளிலோ நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலின் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறைந்தாலே உப்புநீர் பல அடி ஏறிவிடும். பல ஆண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது.

அடுத்த தவறு, மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டியதோடு மறந்துவிடுவது. 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. ஆனால் கட்டிய பின் ஒருமுறைகூடத் திறக்கப்படாத குழியின் மூடியை நீக்கிப் பாருங்கள்: ஜல்லியின் மேல் விரற்கடை அளவுக்குக் கறுத்த வண்டல், அதில் சருகும் பிளாஸ்டிக் உறைகளும், ஓரத்தில் மொட்டை மாடிக் குழாயிலிருந்து கழன்று விழுந்த இணைப்பு. அந்தக் குழிக்குள் இறங்க வழியில்லாத மழை நேரே தெருவுக்குத்தான் ஓடும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் அது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். அதில் முக்கால் பங்கைப் பிடித்தாலும் 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு தண்ணீர் ஆகிறது! வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மாடியைக் கூட்டி, குழியின் மேல் மணலை மாற்றி, ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும். முதல் மழையின் அழுக்குநீரை வெளியே விட்டுவிட வேண்டும். வடிகட்டாத மாடி நீரை நேரே போருக்குள் விடுவதும், குழியைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் தோண்டுவதும் ஒருபோதும் கூடாது.

பழைய உறைகிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடுவது என்னை மிகவும் வருத்தும் தவறு. இறைப்பதற்கு உதவாத கிணறு, மழைநீரை உள்ளே இறக்குவதற்கு மிகச் சிறந்த வழியாகலாம். புதுக் குழி தோண்டும் செலவும் மிச்சம். முற்றம் முழுவதையும் சிமென்ட் பூசி, மண் தெரியாமல் ஆக்கிவிடுவதும் இதைச் சேர்ந்ததே.

லாரித் தண்ணீரை நம்பி நிம்மதி அடைவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமன்று. தனியார் லாரிகள் கொண்டுவருவதில் பெரும்பகுதி புறநகர்க் கிராமங்களின் நிலத்தடி நீர்தான். அங்குள்ள வயல் கிணறுகள் வற்றியே நம் வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்ப் நிரம்புகிறது. நெம்மேலியில் உள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் குழாய்க்குத் தண்ணீர் தருகின்றன, நிலத்தை நிரப்புவதில்லை. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் 2019 கோடையில் ஏறத்தாழ முழுவதும் வறண்டபோது, லாரிக்காகப் பல நாள் காத்திருந்தவர்கள் ஏராளம்.

குடியிருப்போர் சங்கங்கள் மாதந்தோறும் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். நீர்மட்டம் இறங்குவதை மார்ச் மாதத்திலேயே கண்டுகொண்டால், மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கவும் தோட்டத்துக்குக் குளியல், துணி துவைக்கும் நீரைத் திருப்பவும் அவகாசம் கிடைக்கும்.